சேஸ் வேலை: எதை ஒட்டலாம், எதை வளைய விடலாம்

திருமானூர் வட்டாரத்தில் பழைய டாடா 407 ஒன்று விலைக்கு வந்தால், முதலில் விசாரிக்க வேண்டியது அது இத்தனை வருஷம் என்ன பாரம் ஏற்றியது என்பதைத்தான். மீட்டரைத் திருப்பி வைக்க முடியும். சேஸில் பாரம் விட்டுப்போன தடயத்தை மறைப்பது கடினம்.

கொள்ளிடத்து மணல் அடித்த வண்டியில் ஈர மணலின் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக வடிந்து சேனலின் மேல்பக்கம் தேங்கியிருக்கும். துரு மேலிருந்து கீழே இறங்கும். அரியலூர்ச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் அடித்த டிப்பரில் துரு குறைவு, விரிசல் அதிகம். தொட்டியைத் தூக்கும் கீல் பக்கமும் பின் பட்டைக்கட்டின் பிராக்கெட் ஓரமும்தான் அங்கே முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கீழப்பழுவூர்ப் பக்கத்து ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டி வரப்பிலும் வாய்க்காலிலும் இறங்கி ஏறியிருக்கும். உயரமான பாரம், ஒரு சக்கரம் பள்ளத்தில், ஒரு சக்கரம் மேட்டில் என்று போனதால் அதில் முறுக்கு இருக்கும். உர மூட்டை ஏற்றிய வண்டியை நான் இரண்டு முறை யோசித்தே வாங்குவேன். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. சிந்திய தூள் கிராஸ் மெம்பர் மடிப்பில் தங்கி, ஒவ்வொரு மழைக்கும் கரைந்து இரும்பைத் தின்னும்.

இந்த அத்தியாயம் சின்ன சரக்கு வண்டிகளுக்கானது: 1986-இல் வந்த 407, அதே காலத்து ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் கேன்டர் வகையறா. பழைய 1210-ஐயோ லேலண்டு காமெட்டையோ வைத்திருப்பவர்களுக்கும் அளவெடுக்கும் முறையும் துரு வேலையும் அப்படியே பொருந்தும். ஆனால் அவற்றின் சேஸை வீட்டு வாசலில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அதற்கு நாமக்கல் பட்டறைகள் இருக்கின்றன.

சேஸ் ஏன் வளைகிறது

லாரி சேஸ் என்பது இரண்டு நெடுக்குச் சேனல்களும் அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்களும்தான். சேனல் ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த வடிவம். அதன் நிமிர்ந்த பகுதியை முதுகு என்றும், மேலும் கீழும் மடிந்த பகுதிகளை உதடு என்றும் இந்தப் புத்தகம் முழுக்கச் சொல்கிறேன். பாரம் ஏறும்போது மேல் உதடு நசுங்கும் பக்கமாகவும் கீழ் உதடு இழுபடும் பக்கமாகவும் வேலை செய்யும். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இது தலைகீழ். எப்படியானாலும் சுமையின் பெரும்பங்கை வாங்குவது உதடுகள்தான். முதுகில், அதுவும் நடுமட்டத்தில், இழுப்பு மிகக் குறைவு. ஆகவே கம்பெனிக்காரன் ஓட்டை போடும்போது முதுகில் போடுகிறான், உதட்டைத் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

குண்டு குழியில் போகும்போது சேஸ் முறுக்கிக்கொள்ளும். போனதும் பழையபடி திரும்பும். கிராஸ் மெம்பர்களை வெல்ட் செய்யாமல் ரிவெட் அடித்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வீட்டில் சேஸ் வேலை பார்ப்பவர்கள் செய்யும் பெரும்பாலான கெடுதல், கெட்டியாக்குகிறேன் என்று இறங்குவதால் வருகிறது. விரிசல் விட்ட இடத்தில் கனமான தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்ட் அடித்துவிட்டால் அந்த இடம் இனி வளையாது. வளைவு முழுவதும் தகடு முடியும் ஓரத்தில் வந்து குவியும். அடுத்த விரிசல் அங்கேதான். அதற்கு இன்னொரு தகடு. இப்படி மூன்று அடுக்குத் தகடு போட்ட வண்டிகளைக் கரும்பு சீசனில் ஆலை வாசலில் வரிசையாகப் பார்க்கலாம்.

இடமும் காலமும்

தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் சுரண்டிய இரும்பு மறுநாள் காலையில் பழுப்பாகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் கிடந்த சேனல் மேல் பெயின்ட் விழுந்ததும் காய்ந்து சொரசொரக்கும். தையில் ஒரு தொல்லை மட்டும் உண்டு: அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் நிற்கும். கிரைண்டர் பொறி பறந்துபோய் விழும் தூரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். போரும் கீற்றுக் கொட்டகையும் இல்லாத பக்கம் வண்டியை நிறுத்துங்கள். இரண்டு வாளி தண்ணீரும் நனைத்த சாக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தரை அடுத்த சிக்கல். ஆற்றோரம் வண்டல், அரியலூர் நோக்கிப் போகப் போகக் கரிசல். கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன் மேல் நின்று சேஸைத் தாங்கும் குதிரை இன்று இருக்கும் மட்டத்தில் அடுத்த மாதம் இருக்காது. நான்கு குதிரைக் கால்களின் அடியிலும் இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் பலகையாவது போடுங்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவது நம் பக்கம் சகஜம். அது சொல்லாமல் நொறுங்கும். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கப் போகும் இடத்தில் அதை அனுமதிக்கவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்குக் குதிரை.

அளவெடுப்பது

பாடியை இறக்கி, கேபினைத் தூக்கி, டேங்க், பேட்டரி, பிரேக் குழாய், ஒயரிங் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு சுத்தம் செய்வதற்கு முன்பே ஒரு முறை அளவெடுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு பிராக்கெட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பப் பூட்டும் நாளில் ஞாபகத்தை நம்ப முடியாது.

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் போதும். ரசமட்டம் இரண்டடி நீளத்துக்குத்தான் சொல்லும். குழாய் சேஸின் நான்கு மூலையையும் ஒரே மட்டத்தில் காட்டும். முன் இரண்டு, பின் இரண்டு புள்ளிகளில் மேல் உதட்டிலிருந்து தண்ணீர்க் கோட்டுக்கு உள்ள உயரத்தை எழுதுங்கள். முன்பக்கம் இடது தாழ்ந்தும் பின்பக்கம் வலது தாழ்ந்தும் இருந்தால் அது முறுக்கு. முறுக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன் குதிரைகளின் மட்டத்தைச் சரிபாருங்கள். பாதி நேரம் தவறு அங்கேதான் இருக்கும்.

அடுத்தது மூலைவிட்டம். இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி இருக்கும் கம்பெனி ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன் இடதிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் இரும்பு டேப்பால் அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசத்தை நான் கண்டுகொள்வதில்லை. 6-ஐத் தாண்டினால் ஒரு சேனல் மற்றதைவிட முன்னே தள்ளிப் போயிருக்கிறது. வண்டி நேராக ஓடாமல் நண்டு நடை போகும், டயர் ஒருபக்கம் தேயும். முழு நீளத்துக்கு ஒரே ஒரு மூலைவிட்டம் போதாது. கேபின் பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று மூன்றாகப் பிரித்து எடுத்தால்தான் கோணல் எங்கே என்று தெரியும்.

அளவு வேலையைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் 0.012 மில்லிமீட்டர் நீளும். 5 மீட்டர் சேனல் ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் கிடந்து இடையே 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 1.8 மில்லிமீட்டர் போய்விடும். சரியாக இருக்கும் சேஸைக் கோணல் என்று நினைத்து இழுக்க அது போதும்.

துருவும் விரிசலும்

சுரண்டுவதற்கு முன் அரைக்கிலோ சுத்தியலால் ஒரு கோடியிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல சேனல் கணீர் என்னும். மெலிந்த இடம் மொத்தென்னும். சந்தேகப்பட்ட இடத்தில் வெர்னியர் வைத்து உதட்டின் கனத்தை அளந்து, துருப்பிடிக்காத இடத்தோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அந்தத் துண்டு பெயின்ட் அடித்துத் தீரும் கேஸ் இல்லை. இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு பொரிந்து, ரிவெட்டுக்கு ரிவெட் நடுவில் தகடு உப்பியிருக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், ஆகவே தகட்டைப் பிளந்து தள்ளுகிறது. உப்பலைச் சுத்தியலால் அடித்துப் படிய வைக்க முடியாது. ரிவெட்டை எடுத்து, பிரித்து, உள்ளே சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

துரு எடுக்கக் கிரைண்டரில் கம்பி பிரஷும் சிப்பிங் சுத்தியலும் போதும், பொறுமை இருந்தால். மணல் பீச்சி அடிப்பது வேகமான வழி. ஆனால் கொள்ளிடம் பக்கத்திலிருக்கிறது என்று ஆற்று மணலைச் சலித்து கம்ப்ரஸரில் போட்டு அடிப்பதை எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். அதற்கு மருந்து கிடையாது. திருச்சியில் இரும்புக் குருணை அடிக்கும் இடத்துக்குச் சேஸை ஏற்றி அனுப்பும் வாடகை, அதைவிட மலிவு.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நம் பக்கத்து மெக்கானிக்குகளின் பழைய வழி இன்றும் வேலை செய்கிறது: சுத்தம் செய்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புக் கரைசலை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெள்ளைப் பூச்சில் கருங்கோடாகக் கசியும். டை பெனட்ரன்ட் டப்பாக்கள் இதையே இன்னும் நுணுக்கமாகக் காட்டும். கேபின் முடிந்து பாடி தொடங்கும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம், பட்டைக்கட்டின் ஹேங்கர் பிராக்கெட்டுகளின் ரிவெட் ஓட்டைகள், கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரின் மூலை. இந்த நான்கு இடத்தையும் இரண்டு முறை பாருங்கள்.

நிமிர்த்துவது

மெதுவான வளைவு என்றால் செயின் பிளாக்கும் பாட்டில் ஜாக்கியும் போதும். குளிர்ந்த நிலையிலேயே இழுக்க வேண்டும். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் அந்த இடத்தின் பலம் போய்விடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ஜாக்கியின் முனையை உதட்டில் வைக்காமல், முதுகில் மரக்கட்டை கொடுத்துத் தள்ளுங்கள். இரும்பு விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும். ஆகவே அளவைத் தாண்டி மயிரிழை தள்ளி, விட்டு, அளந்து, மறுபடியும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் சேனலைக் கெடுக்கிறார்கள். இழுப்பில் இருக்கும் சங்கிலி மேல் நனைந்த சாக்கைப் போட்டு, அதன் நேர் கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள்.

உதடு மடிந்து சுருங்கியிருந்தால், அல்லது முதுகில் கூர்மையான ஒடிவு இருந்தால், வேலையை நிறுத்திவிடுங்கள். அந்தச் சேனல் மாற்ற வேண்டியது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கட்டட வேலை சேனலை வாங்கி அதன் இடத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அதன் கனமும் உதட்டின் வடிவமும் இரும்பின் தரமும் வேறு.

ரிவெட்டும் வெல்டிங்கும்

தளர்ந்த ரிவெட்டைக் கேஸ் வைத்து வெட்டாதீர்கள், ஓட்டையும் சேர்ந்து கெடும். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, 3 மில்லிமீட்டர் டிரில்லில் தொடங்கிப் பெரிதாக்கி, உளியால் தலையை வெட்டி, பஞ்ச் வைத்து வெளியே தள்ளுங்கள். ஒரு கிராஸ் மெம்பரைக் கழற்றினால் அதை மறுபடி பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்தவர்களுக்கு மிஞ்சுவது இரண்டு நீளச் சேனலும் ஒரு தலைவலியும்தான்.

சூடான ரிவெட் அடிக்க வீட்டில் வசதி இருக்காது. 10.9 தரப் போல்ட் போடலாம், ஆனால் ஓட்டையில் ஆடக்கூடாது. இரண்டு தகடும் சேரும் இடத்தில் போல்ட்டின் மழமழப்பான தண்டு இருக்க வேண்டும். மரை அங்கே வந்தால் அது ரம்பமாக வேலை செய்யும். ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் ரீமர் விட்டு அடுத்த சைஸ் போல்ட்டுக்குப் போங்கள். உதட்டின் ஓரத்தை நெருங்கிப் பெரிதாக்க வேண்டாம்.

வெல்டிங்குக்கு வந்தால், ஊரில் இருக்கும் பட்டறைக்காரரையே கூப்பிடுவது தவறில்லை. ஆனால் அவர் கையில் இருக்கும் ராடு எது என்று பாருங்கள். ஜன்னல் கிரில்லுக்கும் கேட்டுக்கும் போடும் 6013 சேஸுக்கு ஏற்றதல்ல. இங்கே வேண்டியது 7018. திருச்சி பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலையும், துவாக்குடி சுற்றுப்பட்டுப் பட்டறைகளும், அங்கே 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இந்தப் பகுதி முழுக்க நல்ல வெல்டர்களைப் பரப்பி வைத்திருக்கின்றன. பணி ஓய்வு பெற்று ஊரில் இருக்கும் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவரை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. 7018 ஈரம் வாங்கினால் கெட்டது. வெல்டுக்குள் ஹைட்ரஜன் போய்ப் பின்னால் விரிசல் விடும். பிரித்துப் போட்ட பாக்கெட்டை ஆற்றோர ஈரக்காற்றில் இரவெல்லாம் வைத்து மறுநாள் உபயோகிக்காதீர்கள். 300 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் காய வைக்கும் அடுப்பு இல்லாதவர்கள் சீல் உடைக்காத பாக்கெட்டை வாங்கி, உடைத்த அன்றே முடித்துவிட வேண்டும்.

விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து, அதைச் சற்றுத் தாண்டி 6 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். இது விரிசலை அங்கேயே நிறுத்தும். பிறகு விரிசல் நெடுக ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, பின்னால் செம்புப் பட்டை கொடுத்து, 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 100 முதல் 130 ஆம்பியரில், ராடு பாசிட்டிவில் இருக்குமாறு, சின்னச் சின்னத் தையலாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் ஆறியபின் அடுத்தது. தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. உதட்டின் ஓரத்தில் ஒரு துண்டுத் தகட்டைத் தற்காலிகமாக ஒட்டி, வெல்ட் அந்தத் துண்டில் போய் முடியுமாறு செய்து பிறகு வெட்டி எடுங்கள். ஓரத்தில் பள்ளம் விட்டு முடிந்த வெல்ட் அடுத்த விரிசலின் வாய். கடைசியில் மேலே துருத்துவதைக் கிரைண்டரில் தட்டையாக்கும்போது கோடுகள் சேனலின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே வேண்டாம்.

எர்த் கிளாம்ப்பை வெல்டுக்கு ஒரு சாண் தூரத்தில் மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் சக்கர பேரிங் வழியாகப் போய் அதைப் பொத்தலாக்கும். டீசல் டேங்கை வண்டியில் வைத்துக்கொண்டு வெல்ட் வேண்டாம். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

பலத்துக்குத் தகடு வைத்தே ஆக வேண்டும் என்றால் முதுகின் மேல் வையுங்கள். கனம் சேனலைவிட அதிகமாக இருக்க வேண்டாம், இரும்பு ஐ.எஸ். 2062-இன் இ350 தரத்தில் கேட்டு வாங்கலாம். இரண்டு முனைகளையும் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக, கூம்பிப் போகுமாறு வெட்டி, போல்ட்டால் பிடியுங்கள். வெல்ட்தான் என்றால் நீளவாக்கில் மட்டும். முனைகளில் குறுக்கே தொடாதீர்கள். தகடு முடியும் இடம் ஏற்கனவே ஒரு பிராக்கெட் முடியும் இடமாக இருக்கக்கூடாது.

பெயின்ட், பிறகு பாடி

கம்பெனி டப்பாவில் வரும் சாதாரண ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விடுவது நம் வழக்கம். அது ஈரத்தை உள்ளே விடும். இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் கறுப்பு. செலவு கூடும், ஆண்டுகள் தாங்கும். பனி விலகி இரும்பு கைக்கு வெதுவெதுப்பாகும் காலை 9 மணிக்கு மேல் தொடங்கி, மாலை 4-க்குள் நிறுத்துங்கள். தார்ப்பூச்சு எனக்குப் பிடிக்காது. அதன் அடியில் ஈரம் புகுந்தால் வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே அழுகும்.

பாடிக்கும் சேஸுக்கும் இடையே வைக்கும் மரக்கட்டையை நன்றாகக் காய வைத்து, எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து வையுங்கள். மணல் வண்டியின் மேல் உதடு துருவேறுவது அந்தக் கட்டை குடித்து வைக்கும் தண்ணீரால். கட்டையின் முன் முனையைச் சரிவாகச் செதுக்குங்கள். பாடி சட்டென்று தொடங்கும் இடத்தில்தான் கேபினுக்குப் பின்னால் விரிசல் வருகிறது என்று முன்பே பார்த்தோம். யூ போல்ட்டை இறுக்கும்போது சேனலின் உள்ளே, இரண்டு உதட்டுக்கும் நடுவில், அளவாக வெட்டிய இரும்புத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இல்லையென்றால் இறுக்க இறுக்க உதடு உள்ளே மடியும்.

சேஸ் நம்பரும் எப்.சி.யும்

நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரை வைக்காதீர்கள். மென்மையான கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், மெல்லிய ஒரு கை பெயின்ட், அவ்வளவே. தொடங்குவதற்கு முன்பே பென்சில் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரியும் வரை இந்த ஊரெல்லாம் திருச்சி மாவட்டம். பழைய வண்டிகளின் காகிதம் திருச்சி அலுவலகத்தில் பதிவானதாக இருக்கும். நம்பர் ஏற்கனவே துருவில் அழிந்திருந்தால் வேலை தொடங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். தானே குத்திக்கொள்வது குற்றம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விரிசலை ஒட்டுவது பழுதுபார்ப்பு. சேஸை நீட்டுவதும், வேறு வண்டியின் சேஸை வைப்பதும் அந்தக் கணக்கில் வராது. எட்டு வருஷம் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை எப்.சி. உண்டு. வேலையின் படங்களையும் வாங்கிய போல்ட், ராடு ரசீதையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனால் இன்ஸ்பெக்டரின் கேள்விகள் குறையும்.

பாரம் ஏற்றி முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் ஒரு முறை பாருங்கள். 12 மில்லிமீட்டர், 10.9 தரம் என்றால் சுமார் 110 நியூட்டன் மீட்டர். இறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகிய நட் எது என்று அடுத்த முறை டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும்.